வியர்வையின் நிய்யத்

நல்ல காரியமொன்றைச் செய்கிறோம். செய்யும்போதே நமக்கும் அதில் ஓர் ஆதாயம் வந்து சேர்ந்துவிடுகிறது. அப்போதும் அது நல்ல காரியந்தானா, அல்லது நம் ஆதாயத்தின் மேல் போர்த்திய போர்வையா? நிய்யத் பற்றிய பாடத்தோடு மத்ரஸாவிலேயே தீர்ந்துபோனதாக நாம் நினைத்திருக்கும் இக்கேள்வியை, யாரும் எதிர்பாராத திசையிலிருந்து, ஓடுகின்ற மனிதர்கள் சிலர் மீண்டும் நம் முன் கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள்.

கிழக்கு லண்டனில் 2009ஆம் ஆண்டளவில் ஐவோ கோர்ம்லி என்பவர் தொடங்கிய அமைப்பின் பெயர் குட்ஜிம். அதன் நடைமுறை மிக எளிமையானது. வேலை முடிந்த மாலையில் ஒரு குழு ஓரிடத்தில் கூடுகிறது. அங்கிருந்து சில கிலோமீற்றர் ஓடி ஒரு சமூகத் தோட்டத்துக்கோ பாடசாலை முற்றத்துக்கோ போகிறது. புல் செதுக்குகிறது, மண் சுமக்கிறது, கன்று நடுகிறது. பிறகு ஓடியே திரும்புகிறது. தனியே வாழும் முதியவர் ஒருவரைப் பார்க்க வாரந்தோறும் ஓடிப்போகும் ஏற்பாடும் உண்டு. ஜிம் என்று சொல்லப்படும் கூடங்களில் மனிதர்கள் காசு கொடுத்து இரும்பைத் தூக்கி, தூக்கிய இடத்திலேயே வைத்துவிட்டுப் போவது கோர்ம்லிக்கு உறுத்தியிருக்கிறது. அவ்வளவு சக்தியும் எங்கே போகிறது என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி.

இதில் ஒரு வரலாற்று வேடிக்கை உண்டு. இன்று வசதியுள்ள வீடுகளில் நிற்கும் ‘ட்ரெட்மில்’ முதலில் சிறைச்சாலைத் தண்டனைக் கருவியாக இருந்தது. 1818இல் இங்கிலாந்தில் வில்லியம் கியூபிட் என்ற பொறியியலாளர் வடிவமைத்த மிதிசக்கரத்தில் கைதிகள் மணிக்கணக்கில் படியேறினார்கள். சில சிறைகளில் அச்சக்கரம் மா அரைத்தது, தண்ணீர் இறைத்தது. வேறு சிலவற்றில் எதையும் செய்யவில்லை, வெறுமனே சுழன்றது. பயனற்ற உழைப்பே கடுந்தண்டனை என்பது அக்காலத்தவரின் எண்ணம். 1898ஆம் ஆண்டுச் சிறைச் சட்டத்தோடு அது முடிவுக்கு வந்தது. தண்டனையாக ஒழிந்தது பிறகு சந்தாப் பணம் கட்டி விரும்பிச் செய்யும் காரியமாகத் திரும்பி வந்ததை என்னென்பது! ஓடிப்போய் யாரோ ஒருவருடைய கொல்லையில் புல் வெட்டுபவர்கள், அந்தச் சக்கரத்தில் மறுபடியும் ஒரு திரிகையைப் பூட்டிவிட்டவர்கள்.

குட்ஜிம்முக்கு முன்பே, 1998இல், வில்லியம் பேர்ட் என்ற குடும்ப வைத்தியர் ஒக்ஸ்போர்ட்ஷயரின் சொனிங் கொமன் என்ற கிராமத்தில் ‘கிரீன் ஜிம்’ என்ற ஒன்றை ஆரம்பித்திருந்தார். நோயாளிகளுக்கு உடற்பயிற்சி எழுதிக் கொடுத்தால் சில வாரங்களில் விட்டுவிடுவார்கள். மண்வெட்டியைக் கொடுத்து இயற்கைப் பாதுகாப்பு வேலையில் சேர்த்துவிட்டால் மீண்டும் வருவார்கள் என்பது அவரது எதிர்பார்ப்பு. தன் உடம்புக்காக மட்டும் எழும்ப மறுக்கிறவன், தனக்காக ஒரு வேலை காத்திருக்கிறது என்றால் எழும்புகிறான். மனித மனம் அப்படித்தான் இருக்கிறது.

இவையெல்லாம் வெள்ளைக்காரன் புதிதாகக் கண்டுபிடித்தவை என்று நினைக்கத் தேவையில்லை. உழைப்பைத் தானமாகக் கொடுக்கும் சிரமதானம் இந்நாட்டில் எல்லாச் சமூகத்தவரின் வாயிலும் உள்ள சொல். கொழும்பு நாலந்தா கல்லூரி ஆசிரியராக இருந்த ஏ. ரி. ஆரியரத்ன 1958இல் தன் மாணவர்களைக் குருநாகல் மாவட்டத்துக் கனத்தொலுவ கிராமத்துக்குக் கூட்டிச் சென்றார். சாதியால் ஒதுக்கப்பட்டிருந்த மக்களோடு தங்கி, கிணறு தோண்டி, நிலம் திருத்தினார்கள். சர்வோதய இயக்கம் அங்கிருந்து வளர்ந்தது. 2024 ஏப்ரலில் ஆரியரத்ன காலமானார். நம் ஊர்களில் மையவாடி துப்புரவு செய்வதும் பாடசாலை வளவில் புல் வெட்டுவதும் இச்சொல்லால்தான் அழைக்கப்படுகின்றன. ஓட்டம் ஒன்றுதான் அதில் இல்லாதது.

அதையும் சேர்த்துப் பார்ப்போம். கரவனெல்லயை எடுத்துக்கொள்வோம். களனி கங்கைக் கரை. அவிசாவளையிலிருந்து ஹட்டன் போகும் பாதை. ஒரு பக்கம் றுவன்வெல்ல, மறுபக்கம் யட்டியாந்தோட்டை. சுற்றிவர இறப்பர்த் தோட்டங்கள். சற்றுத் தள்ளிக் கன்னத்தோட்டை போன்ற நம்மவர் ஊர்கள். இப்பகுதியார் எல்லோரையும் என்றாவது ஒருநாள் ஒரே வாங்கில் உட்காரவைக்கும் இடம் கரவனெல்ல ஆதார வைத்தியசாலை. நம் நாட்டில் எந்த வைத்தியசாலையின் கிளினிக் நாளிலும், கையில் கொப்பியோடு காத்திருப்பவர்களுக்குச் சொல்லப்படும் புத்திமதி ஒன்றுதான்: சீனியைக் குறையுங்கள், நடவுங்கள். வாரத்துக்கு 150 நிமிடமாவது உடம்பை அசைக்க வேண்டுமென்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆக, சுபஹ் தொழுதுவிட்டுப் பத்துப் பதினைந்து பேர் சப்பாத்து மாட்டிக்கொண்டு ஓடுகிறார்கள் என்றும், ஓடிப்போய் யாரேனும் ஒரு விதவையின் வளவையோ வைத்தியசாலை வேலியோரத்தையோ திருத்திவிட்டு வருகிறார்கள் என்றும் வைத்துக்கொள்வோம். அவர்களுக்கு நீரிழிவு குறையும். விதவைக்குக் கொச்சிக்காய்ப் பாத்தி கிடைக்கும். இதில் கேள்வி கேட்க என்ன இருக்கிறது?

இமாம் கஸ்ஸாலி கேட்டிருப்பார். இஹ்யாவில் நிய்யத், இக்லாஸ் பற்றிய பகுதியில் அவர் அடுக்கும் உதாரணங்கள் இன்றைக்கும் நம்மைக் கூசவைப்பவை. நோன்பு நோற்பவன், அதோடு பத்தியமும் ஆகட்டும் என்று எண்ணுகிறான். அடிமையை விடுதலை செய்பவன், அவனுக்குச் சோறு போடும் செலவும் அவனுடைய கெட்ட குணமும் தொலையட்டும் என்று எண்ணுகிறான். ஹஜ்ஜுக்குப் போகிறவன், பிரயாணத்தால் உடம்பு தேறட்டும் என்று எண்ணுகிறான். உடல்நலம் என்ற ஆதாயம் வணக்கத்தோடு கலப்பதை அவர் ஏறத்தாழ ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன்பே கண்டு எழுதிவைத்துவிட்டார். அவை யாவும் இக்லாஸின் தூய்மையிலிருந்து இறங்கியவை. ஆனால் அவர் அத்தோடு கதவை மூடவில்லை. கலந்த செயலைத் தராசில் வைக்கிறார். இரண்டு தூண்டல்களும் சமமாயின் ஒன்றையொன்று அழித்துவிடும். ஒன்று மிகுந்தால் அந்த மிகுதிக்கேற்ப நன்மையோ கேடோ மிஞ்சும். ஹஜ்ஜுக்குப் போனவன் அங்கே வியாபாரமும் செய்தால் குற்றமில்லை என்பது அல்பகறா அத்தியாயத்திலேயே உள்ள சலுகை.

தராசு என்ற உவமை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அதைப் பிடிக்கும் கை எனக்கில்லை. ஓடும்போது என் உள்ளத்தில் எத்தனை பங்கு விதவை, எத்தனை பங்கு என் தொந்தி என்று அளக்க நான் யார்? அப்படி அளந்துகொண்டே இருப்பவன் கடைசியில் ஓடவும் மாட்டான், புல் வெட்டவும் மாட்டான். அந்தத் தயக்கத்துக்கு இக்லாஸ் என்று பெயர் சூட்டிக்கொண்டு வீட்டிலிருப்பவர்களை நாமெல்லோரும் அறிவோம்.

ஓட்டத்தைப் பற்றிப் பேசும்போது ஹாஜரா நாயகியை நினைக்காமலிருக்க முடியாது. ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் இடையே அவர் ஓடியது உடற்பயிற்சிக்காகவல்ல. வணக்கம் என்று கருதியுமல்ல. பிள்ளைக்குத் தாகம், தண்ணீர் வேண்டும், யாராவது தென்படுவார்களா என்று பார்க்க வேண்டும். அதற்காக ஏழு தடவை. முற்றிலும் உலகத் தேவைக்காக ஓடிய ஓட்டம் ஒன்றை அல்லாஹ் வணக்கமாக்கி இலட்சக்கணக்கானோரை ஓடவைத்திருக்கிறான். ‘ஸஃயு’ என்ற சொல்லுக்கே முயற்சி என்றும் பொருளுண்டு. இடையில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பச்சை விளக்குகளுக்கிடையே ஆண்கள் விரைந்து ஓட வேண்டும், பெண்கள் நடந்தால் போதும் என்பது நடைமுறை. முதலில் ஓடியவர் ஒரு பெண் என்பதை அங்கே ஓடுகின்ற எத்தனை ஆண்கள் நினைத்துப் பார்க்கிறார்கள்? நபியவர்கள் ஆயிஷா நாயகியோடு ஓட்டப் பந்தயம் ஓடிய செய்தி அபூதாவூதில் இருக்கிறது. அதை மணமேடைப் பயான்களில் இனிக்க இனிக்கச் சொல்கிறோம். ஆனால் கரவனெல்லப் பாதையில் சுபஹுக்குப் பின் ஓடும் கூட்டத்தை நான் கற்பனை செய்தபோது அதில் ஒரு பெண்ணும் வரவில்லை. விதவையாக, உதவி பெறுபவளாக மட்டுமே வந்தாள். கிளினிக் கொப்பியோடு காத்திருப்பவர்களிலோ பெண்கள் எத்தனை பேர்! ஓட்டம் முடியாதென்றால் தோட்டமாவது அவர்களுக்குரியதாக வேண்டும். யாருடைய வளவில் எதை நடுவதென்று அவர்கள் சொல்லட்டும்.

பெறுபவரின் பக்கமிருந்து பார்த்தால் கலப்பு நிய்யத்துக்கு ஒரு சிறப்பே இருப்பதாகத் தோன்றுகிறது. தூய தானம் பெறுபவரின் தலையில் ஒரு பாரத்தை வைக்கிறது. கொடுத்ததைச் சொல்லிக்காட்டி நோவினை செய்யாதீர்கள் என்று குர்ஆன் கண்டிப்பது, அந்தப் பாரம் எவ்வளவு எளிதில் ஏறிவிடும் என்பதனால்தான். “உங்களுக்காகவே வந்தோம்” என்பவனுக்கு முன்னால் கிழவி கூனிக்குறுக வேண்டியிருக்கிறது. “எங்களுக்குச் சீனி வருத்தம் தாத்தா, எப்படியும் ஓடத்தான் வேணும், வழியில இந்தப் புல்லையும் வெட்டிட்டுப் போறோம்” என்பவனுக்கு முன்னால் அவள் நிமிர்ந்து உட்காரலாம். குட்ஜிம்காரர்கள் தாம் சென்று பார்க்கும் முதியவரை ‘கோச்’ என்று, அதாவது பயிற்றுநர் என்று, அழைக்கிறார்கள். முதியவர் காத்திருப்பதனால்தான் இவன் ஓடுகிறான். ஆகவே அவர் இவனுக்குப் பயிற்சி கொடுக்கிறார். வெறும் பெயர் விளையாட்டு என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. கடன் யார் பக்கம் என்பதை அந்தப் பெயர் கலைத்துப் போடுகிறது.

உடல்நலம் என்ற ஆதாயத்தை விட எனக்கு அச்சம் தருவது வேறொரு கலப்பு. கேகாலை மாவட்டத்து முஸ்லிம்களுக்கு அதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. 2001 மே மாதம் மாவனல்லையில் நம் கடைகள் எரிந்தன. 2019 ஏப்ரலுக்குப் பிறகு நம் வீட்டுச் சமையலறைக் கத்தியும் செய்தியானது. அதிகாலையில் பதினைந்து இளைஞர் கூட்டமாக ஓடுவதும், அவர்கள் கையில் புல்வெட்டும் கத்தி இருப்பதும் நம் நாட்டில் எல்லோருக்கும் ஒரே பொருளில் விளங்கும் காட்சிகளல்ல. ஆகவே, நாம் நல்லவர்கள் என்று காட்டுவதற்காகச் சிரமதானம் செய்யும் வழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. பன்சலை வளவைத் துப்புரவு செய்கிறோம், படம் எடுக்கிறோம். 2016 மே வெள்ளத்தில் பள்ளிவாசல்கள் இன மத பேதமின்றிச் சமைத்துக் கொடுத்தன. அதற்கான ஈரம் உண்மையானது. ஆனால் அதை அடுத்த கலவரத்தின்போது காட்டுவதற்கான சான்றிதழாக நாமே மடித்து வைத்துக்கொண்டோம்.

இது ரியாவா? தன் பெயருக்காகச் செய்வது ரியா என்றால், அச்சத்தில் வாழும் ஒரு சமூகத்தின் பெயருக்காகச் செய்வதை அவ்வளவு எளிதில் அப்படிச் சொல்லிவிட முடியாது. பிள்ளைகளைக் காப்பாற்ற நினைக்கும் தகப்பனின் கணக்கு அதிலிருக்கிறது. என்றாலும் ஒன்று மட்டும் நிச்சயம். சான்றிதழுக்காகச் செய்யப்படும் உதவியில், உதவி பெறும் மனிதர் பார்வையாளராக மாறிவிடுகிறார். அவர் நன்றி சொல்லாவிட்டால் நாம் காயப்படுகிறோம். சீனி வருத்தத்துக்காக ஓடுபவனுக்கு யாருடைய நன்றியும் தேவையில்லை. அவனுடைய கூலி அவன் இரத்தத்திலேயே சேர்ந்துவிடுகிறது. இவ்விரு கலப்புகளில் எது தூய்மைக்கு அருகிலுள்ளது என்று கேட்டால், தொந்தியைக் குறைக்க ஓடுபவனையே நான் சொல்வேன்.

கூலி என்ற சொல் வந்துவிட்டது. நம் பேச்சில் அல்லாஹ்விடம் கிடைப்பதற்கும் அதே சொல், தோட்டத்தில் கிடைப்பதற்கும் அதே சொல். தோட்டம் என்ற சொல்லும் அப்படித்தான்: வீட்டுப் பின்புறத்துக் கறிவேப்பிலை நிற்பதும் தோட்டம், பல நூறு ஏக்கர் இறப்பர் நிற்பதும் தோட்டம். அந்த இரண்டாவது தோட்டத்தில் ‘பேர்’ என்றால் புகழல்ல. ஒருநாள் வேலைக்கான பதிவு. வேலை குறைந்தால் அரைப்பேர். கரவனெல்லயைச் சுற்றியுள்ள மலைச்சரிவுகளில் பால் வெட்டுபவர்கள் விடியுமுன்பே எழும்பிவிடுகிறார்கள். குளிர்ச்சியிருக்கும்போதுதான் பால் நன்றாக வடியும். மரத்துக்கு மரம் ஏறியிறங்கி, வெட்டி, மீண்டும் சுற்றிவந்து சிரட்டை சிரட்டையாகப் பாலை எடுத்துச் சுமந்து வருகிறார்கள். அந்த உழைப்புக்கு முன்னால் நம்முடைய ஐந்து கிலோமீற்றர் எம்மட்டு? தோட்டத் தொழிலாளியின் குறைந்தபட்ச நாட்கூலி 1000 ரூபாவானது 2021இல். 1350 ரூபாவானது 2024இல். ஒவ்வொன்றுக்கும் எத்தனை வருடப் போராட்டம்! வியர்வையைத் தேடி ஓடுபவனும் வியர்வையை விற்று வாழ்பவனும் அதே விடியலில், அதே பாதையில் எதிரெதிரே கடந்து போகிறார்கள். இந்தச் சந்திப்பில் வெட்கப்பட ஏதோ இருக்கிறது. அதை மறைத்துவிட்டு உடற்பயிற்சியின் மகிமையைப் பேச என்னால் முடியவில்லை.

இதனால் ஓட்டமே கூடாதென்று நான் சொல்ல வரவில்லை. யாருடைய வேலையை இலவசமாகச் செய்கிறோம் என்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறேன். தோட்ட நிர்வாகம் பேர் போட்டுச் செய்விக்க வேண்டிய துப்புரவு வேலையை நாம் சிரமதானமாகச் செய்தால், ஒருவருடைய நாட்கூலியைத் தின்று நம் நன்மையைச் சம்பாதிக்கிறோம். லயக் காம்பராவின் முன்னால் நான்கடி நிலத்தில் வட்டக்காய்க் கொடி படரவிட்டிருப்பவருக்கு அந்த நிலமே சொந்தமில்லை. மலையகத்தார் இந்நாட்டுக்கு வந்து 200 ஆண்டுகள் ஆனதை 2023இல் நினைவுகூர்ந்த பிறகும் நிலைமை பெரும்பாலும் அதுதான். அவருக்குத் தோட்டக்கலை கற்பிக்கப் புறப்படுவது அபத்தம். பொருளாதார நெருக்கடி முற்றிய 2022 ஜூனில், வீட்டுத்தோட்டம் செய்யட்டும் என்று அரசாங்க ஊழியருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுக்க அமைச்சரவை தீர்மானித்தது ஞாபகமிருக்கும். பேருக்குப் போகிறவருக்கு அப்படியொரு வெள்ளிக்கிழமை கிடைக்கவில்லை.

மரம் நடுவது பற்றி நாம் அடிக்கடி கேட்கும் இரண்டு ஹதீஸ்கள் உள்ளன. ஒன்று, முஸ்லிம் ஒருவர் நட்டதிலிருந்து பறவையோ மனிதனோ விலங்கோ தின்றால் அது அவருக்கு ஸதகாவாகும் என்பது. மற்றொன்று, கியாமத் வந்துவிட்டாலும் கையிலிருக்கும் கன்றை நட முடிந்தால் நட்டுவிடச் சொல்வது. இவற்றை நாம் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். ஆனால் இவை ஒன்றோடொன்று மெல்ல முரண்படுவதுபோலத் தோன்றும். இரண்டாவது பலனைப் பார்க்காதே என்கிறது. முதலாவது நன்மையைப் பலனோடேயே கட்டிவைக்கிறது: தின்ன வேண்டும், தின்றால்தான் ஸதகா. நமது அமைப்புகள் இரண்டாவதையே விரும்புகின்றன போலும். உலக சுற்றாடல் தினத்தில் நட்டு, பெயர்ப்பலகை வைத்து, படமெடுத்த கன்றுகளில் எத்தனை அடுத்த ஜூனைக் கண்டன? கியாமத் வரவில்லை, தண்ணீர் ஊற்ற ஆள் வரவில்லை, அவ்வளவுதான். கையில் கன்று இருக்கும்போது உலகம் முடிந்துவிடுவதாக நடந்துகொள்வது எளிது. உலகம் முடியாமல் தொடர்வதும் புதன்கிழமை வருவதும்தான் கஷ்டம்.

ஓட்டத்தையும் தோட்டத்தையும் சேர்ப்பதில் எனக்குள்ள ஐயமும் இதுதான். ஓடுபவனின் நேரம் வேறு, செடியின் நேரம் வேறு. அவன் வாரத்துக்கொரு முறை வருவான். முழங்கால் நொந்தால் ஒரு மாதம் வரமாட்டான். நோன்பு மாதத்தில் வரமாட்டான். செடிக்கு முழங்கால் கதை தெரியாது. இரண்டு தேவைகளும் ஒன்றாக ஓடும்வரை நிய்யத்தை யாரும் சோதிக்க முடியாது. கஸ்ஸாலியின் தராசும் அசையாமலிருக்கும். அவை பிரியும் நாளில்தான் எது மிகுந்தது என்பது தெரியவரும். அந்த நாளை யாரும் தேடிப் போக வேண்டியதில்லை. நமது பகுதியில் அது வருடந்தவறாமல் வருகிறது.

மே மாதம் முதல் தென்மேற்குப் பருவமழை. சப்ரகமுவவின் மேற்குச் சரிவுகளில் அது எப்படிப் பெய்யும் என்பது தெரிந்ததே. பாதையில் வெள்ளம், வரம்பில் அட்டை, ஓட முடியாது. மழைக்காப்புக் கட்டாத மரங்களில் பால்வெட்டும் இல்லை. வெட்டு இல்லாத நாளில் பேர் கிடைப்பதும் நிச்சயமில்லை. மரத்தில் கட்டிய சிரட்டைகளில் தண்ணீர் தேங்கும், வளவுகளில் கிடக்கும் தேங்காய்ச் சிரட்டையிலும் தயிர்ச் சட்டியிலும் தேங்கும், நுளம்பு பெருகும். 2017இல் இந்நாட்டில் ஒரு இலட்சத்து எண்பதாயிரத்துக்கு மேற்பட்டோரை டெங்கு பிடித்தபோது நோயாளர் உச்சத்துக்கு ஏறியது இம்மழைக்குப் பின்வந்த வாரங்களில்தான். சிரட்டை கவிழ்க்க ஓடத் தேவையில்லை. குடையைப் பிடித்துக்கொண்டு, சப்பாத்தை வீட்டில் விட்டுவிட்டு, மெதுவாக நடந்து போனால் போதும். தொந்தி ஒரு இறாத்தலும் குறையாது.